ஊமைப் பொத்தான்

எங்கள் தளத்தில் வேலைக்குச் சேரும் யாருக்கும் முதல் நாளே மூன்று பொத்தான்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஒன்றை அமுக்கினால் திரையில் ஓடும் வீடியோ கறுப்பு வெள்ளையாகும். இன்னொன்று அதை மங்கலாக்கும். மூன்றாவது சத்தத்தை நிறுத்தும். நான் மூன்றையும் அமுக்கியேதான் வைத்திருப்பேன். மணிலாவை ஒட்டிய கேசான் சிட்டியில் ஒன்பதாவது மாடியில், ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மனிதர்கள் இணையத்தில் ஏற்றுகிற அசிங்கங்களைப் பார்த்துப் பார்த்து நீக்குவது என் பிழைப்பு. நாலு வருஷமாகிறது. கறுப்பு வெள்ளையில் ரத்தம் வெறும் ஈரமாகத் தெரியும். மங்கலில் முகம் தெரியாது. சத்தமும் இல்லையென்றால் மத்தியானம் பசி எடுத்து நன்றாகவே சாப்பிடலாம்.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல வாந்தி எடுத்தேன். மனநல ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து, கண்ணை மூடிக் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். என் ஊரே கடற்கரைதான், அதை விட்டு ஓடி வந்துதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். பிறகு வாந்தி தானாகவே நின்றுவிட்டது. கூடவே வேறு சிலதும் நின்றுவிட்டது. அப்பா இறந்தபோது சவப்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, இந்தக் காட்சியை எந்தப் பிரிவில் போட்டு நீக்குவது என்று யோசித்தேன். அம்மா என்னைப் பார்த்து, "மெர்லி, உனக்கு அழுகையே வரலையா?" என்றாள். வரவில்லை. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பக்கத்து இருக்கையில் க்வீனி. என்னைவிடச் சின்னவள், வாய் ஓயாதவள். நான் தெற்கே, இலோயிலோ பக்கத்துக்காரி. எங்கள் பாஷை ராகம் போட்ட மாதிரி இழுவையாக, மென்மையாக இருக்கும். கோபத்தில் கத்தினாலும் கொஞ்சுகிற மாதிரிதான் கேட்கும் என்று மணிலாவில் எல்லோரும் எங்களைக் கிண்டல் பண்ணுவார்கள்.

"அக்கா, நேத்து போன்ல யாரைக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்க? புது ஆளா?" என்பாள் க்வீனி.

"வாடகை வீட்டு ஓனர் மகனை நாயே பேயேன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்டி."

"ஐயோ, என்னையும் ஒரு தடவை அப்படித் திட்டுங்களேன், தூக்கமாவது வரும்."

குழந்தைகள் சம்பந்தப்பட்டது வந்தால் மட்டும் முறை வேறு. அதை நீக்கினால் போதாது, புகார் அனுப்பியாக வேண்டும், சட்டம் அப்படி. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஒரு படிவம் திறக்கும். 'இடம் தெரியும்படி ஏதாவது உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பது ஏற்கெனவே போட்டே இருக்கும். உண்டு என்றால்தான் மாற்ற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், நேரம் பிடித்தால் நம் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ரெய்னான் சார் வந்து நிற்பார். அந்தப் படிவம் எங்களுக்கு வேலை கொடுத்த அமெரிக்கக் கம்பெனிக்குப் போகும். அங்கிருந்து அந்த நாட்டு அலுவலகம் ஒன்றுக்குப் போகும். எந்த தேசத்துக் குழந்தை என்று அவர்கள் பார்த்து, அந்த தேசத்துப் போலீஸுக்கு அனுப்புவார்கள். எங்கள் நாட்டுக் குழந்தை என்றால் கடலைத் தாண்டிப் போய், மாசக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டு, மறுபடி மணிலாவுக்கே வந்து சேரும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஹெட்போனில் ஒரு பயிற்சி வகுப்பு. முந்தின நாள் கம்ப்யூட்டரில் ஏதோ புதுசாகப் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. என் பொத்தான்களில் சத்தம் மட்டும் திறந்து கிடந்தது. நான் கவனிக்கவில்லை. ஹெட்போனையும் கழற்றவில்லை. நாலைந்து வீடியோவுக்குப் பிறகு அது வந்தது.

அதில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். ஒரு அறை, ஒரு குழந்தை. அவ்வளவு போதும். ஆனால் ஒரு பெண் குரல் கேட்டது. "இங்க பாரு செல்லம், கொஞ்ச நேரந்தான்" என்றது. என் பாஷையில், அந்த இழுவையோடு. அதற்கும் பின்னால், தெருவில், ஒரு வண்டியின் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டு போனது.

"தலங்பான் மக்களே, நாளைக்கு சனிக்கிழமை காலையில நாய்ங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி. ஆத்தோரத்து வீட்டுக்காரங்க எல்லாம் தேவாலயம் பக்கத்துல கட்டிக் கூட்டிட்டு வந்துடுங்க. பூனை இருந்தாலும் கொண்டு வாங்க."

தலங்பான் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? தங்கச்சியிடம் சொல்ல வேண்டும், அவள் நாய்க்குப் போன வருஷம் ஊசி போடவில்லை என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கை பாட்டுக்குச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. 'இல்லை' அப்படியே போனது. வீடியோ நீங்கியது, அடுத்தது வந்தது. சத்தத்தை நிறுத்தினேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் வறுத்த சோறும் காய்ந்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்கு போன் பண்ண வேண்டும், நாளைக்குத்தானே ஊசி என்று யோசித்தேன். நாளைக்கு. வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. நாளைக்கு ஊசி என்றால் அந்த வண்டி தெருவில் போனது இன்றைக்குக் காலையில்தான். அந்தக் குழந்தை இப்போது, இந்த நிமிஷம், அந்த அறையில்தான் இருக்கிறது. எங்கே என்று உலகத்தில் தெரிந்த ஒரே வெளி ஆள் நான்தான். நான்தான் 'இல்லை' என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ரெய்னான் சாரின் மேஜைக்கு ஓடினேன். எங்கள் குழுவுக்குத் தலைவர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சார், காலையில நான் அனுப்பின ஒரு புகாரைத் திறக்கணும். ஊர் தெரியும் சார். தெருகூடக் கிட்டத்தட்டத் தெரியும்."

"போனது போனதுதான் மெர்லி. நம்ம கையில இல்ல. அவங்களுக்கு ஒரு மெயில் போடு, திங்கட்கிழமை பார்ப்பாங்க."

"திங்கட்கிழமையா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்!"

"அங்க இப்ப ராத்திரி. விடிஞ்சா அங்க வெள்ளிக்கிழமை, வாரத்தோட கடைசி நாள். இந்த மாதிரி மெயிலை எல்லாம் யாரு திறக்கப் போறா?"

"அப்ப நாமளே போலீஸுக்குச் சொல்லிடலாம். கம்பெனி சொன்னா உடனே போவாங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என் கண்முன்னாலேயே மேல் மாடிக்கு, சட்டப் பிரிவுக்கு போன் போட்டார். அங்கே எடுத்த அம்மாவின் குரல் வெளியே கேட்டது.

"புகார் போயிடுச்சா?"

"போயிடுச்சு மேடம்."

"அப்ப நம்ம கடமை முடிஞ்சுது. எந்த வழியா அனுப்பணுமோ அந்த வழியாத்தான் அனுப்பியிருக்கோம். அதுக்கு மேல நம்ம ஆளு யாராவது வெளிய வாயைத் திறந்தா, என்ன கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு ஞாபகப்படுத்துங்க."

கடமை முடிந்துவிட்டதாம்! அப்பப்பா, என்ன நிம்மதி அந்தக் குரலில். நாங்கள் எல்லோரும் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளுக்கு வாய்ப்பூட்டு என்றுதான் பெயர். பார்த்ததை வெளியே சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். அதனால்தான் தளத்துக்குள் போன் கிடையாது, பேனா கிடையாது, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"நான் எதையும் கேட்கல, நீயும் எதையும் சொல்லல. போய் உட்காரு" என்றார் ரெய்னான் சார்.

க்வீனியிடம் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்தாள். "உங்க ஊர்ப்பக்கந்தானே அக்கா? அந்த ஊர்த் தலைவருக்கு ஒரு போன் போட்டா ஆள் அனுப்பிப் பார்க்க மாட்டாரா?"

"நல்லா இருக்குடி உன் யோசனை. அந்த ஊர்ல தலைவருக்குச் சொந்தம் இல்லாத வீடு எது? நான் போனை வைக்கிறதுக்குள்ள அந்த வீட்டுக்குச் சேதி போயிடும். பிள்ளையை வேற எங்கயாவது கொண்டுபோய் வெச்சுடுவாங்க. அப்புறம் நீயும் நானும் வாயில விரலை வெச்சுக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

லாக்கரில் இருந்து போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கட்டடத்துக்கு வெளியே சியோமாய்க் கொழுக்கட்டை விற்கும் வண்டிக்காரன் ஆவி பறக்க மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நின்று எங்கள் ஊர்ப்பக்கத்து நகரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு, பெண்கள், குழந்தைகள் பிரிவைக் கேட்டேன். சார்ஜென்ட் ஜோவெலின் என்று ஒருத்தர் எடுத்தார். என் பாஷைதான்.

கேட்டு முடித்ததும், "உங்க பேரு, எங்க வேலை பார்க்கிறீங்க?" என்றார்.

"பேரு வேணுமா மேடம்?"

"பேரு இல்லாம வந்தா அது ஊர் வம்பு. அதை வெச்சு நான் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்ட முடியாது."

சொன்னேன். மெர்லிண்டா அப்ரோகார் என்று முழுப் பெயர். கம்பெனிப் பெயர். சொல்லும்போது பயமாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை.

"ஒலிபெருக்கி வண்டி எங்க போச்சுன்னு டிரைவரைக் கேட்டுக்கறேன். ஆனா ஆத்தோரத்துல ஏகப்பட்ட வீடு. எல்லா வீட்டுலயும் பிள்ளைங்க. தப்பான வீட்டுக்குள்ள போனா சரியான வீடு உஷாராயிடும். அந்த அறையைப் பத்திச் சொல்லுங்க. சுவர் என்ன நிறம்?"

நான் வண்டிக்காரனின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்குதா? சுவர் நிறம். ஜன்னல் எந்தப் பக்கம்? சுவர்ல ஏதாவது மாட்டியிருந்துச்சா?"

"பெருசா ஏதோ ஒண்ணு இருந்துச்சு மேடம். என்னன்னு தெரியல."

"பிள்ளை முகம்? மச்சம், தழும்பு, முடி?"

"தெரியாது மேடம்."

"பார்த்தேன்னு சொன்னீங்களே அம்மா!" என்று அவர் கத்தினார். கொஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

"கறுப்பு வெள்ளையிலதான் பார்த்தேன். மங்கலா வெச்சிருந்தேன். எங்களுக்கு அப்படி ஒரு வசதி இருக்கு."

அந்தப் பக்கம் காகிதத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, "மறுபடி பார்க்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது, நான்தான் நீக்கினேன், நீக்கினது எங்கள் கண்ணுக்குத் திரும்பி வராது என்றேன். ஆனால் இந்த மாதிரி ஆட்கள் ஒரு தடவையோடு விட மாட்டார்கள். தலையையும் வாலையும் கொஞ்சம் வெட்டிவிட்டு வேறு பெயரில் மறுபடி ஏற்றுவார்கள். அப்படி வெட்டியதை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாது, எங்களிடம்தான் வரும். அதைச் சொன்னேன்.

"அப்ப போய் உட்காருங்க. வந்தா இந்தத் தடவை ஒழுங்காப் பாருங்க" என்றார் சார்ஜென்ட்.

திரும்பி வந்து மூன்று பொத்தான்களையும் திறந்துவிட்டேன். வராதே, வராதே என்று ஒரு காலத்தில் மாதாவிடம் வேண்டிக்கொண்டவள், அது வர வேண்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் தளத்தில் எங்களைப் போல எத்தனையோ பேர். அது என்னிடம்தான் வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? எழுந்து நின்று எங்கள் வரிசைக்குச் சொன்னேன், ஹெட்போனை மாட்டுங்கள், நிறத்தைத் திறங்கள், மங்கலை எடுங்கள், என் பாஷை கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்று.

ஒருவரும் அசையவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அந்த மூன்று பொத்தான்தான் அவர்களை வீட்டுக்குப் போய்த் தூங்க வைக்கிறது.

முதலில் க்வீனிதான் ஹெட்போனை எடுத்தாள். "சாப்பிட்டது வெளிய வந்தா நீங்கதான் துடைக்கணும்" என்றாள். பிறகு எதிர் வரிசையில் ஒரு பையன், அவனுக்குப் பக்கத்தில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண். நீ வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. ரெய்னான் சார் தன் மேஜையில் இருந்து எங்களைப் பார்த்தார். எங்கள் வேகம் சரிவது அவர் திரையில் தெரிந்திருக்கும். அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹெட்போனில் எங்கெங்கோ அழுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், சிரிக்கிறார்கள். சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வருஷம் இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேனா என்று தோன்றியது. க்வீனியின் கண்மை கன்னத்தில் ஓடியது. துடைக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது என் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா. உங்க பாஷை."

அவள் ஹெட்போனை என் காதில் வைத்தேன். அதே பெண் குரல், அதே கரகரப்பு. நிறுத்தினோம். ஒழுங்காகப் பார்த்தேன். சுவர் பச்சை, பாதி மட்டும் பூசியது. ஜன்னல் இடது பக்கம், கம்பி துருப்பிடித்தது. நான் பெரிசாக ஏதோ ஒன்று என்று சொன்னேனே, அது பிறந்தநாள் பேனர். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஃபோட்டோ போட்டு, பலூன் போட்டு, அச்சடித்து மாட்டுவோமே, அது. ரோஜா நிறத்தில், சிரிக்கிற ஒரு முகம், எத்தனையாவது பிறந்தநாள் என்று ஒரு எண், கீழே கொட்டை எழுத்தில் குழந்தையின் பெயர்.

பெயரை இங்கே எழுத மாட்டேன். அது சுவரிலேயே எழுதியிருந்தது. காலையில் நான் பார்க்கும்போதும் எழுதித்தான் இருந்தது.

"க்வீனி, படி."

அவள் படித்தாள். நான் திருப்பிச் சொன்னேன். பேனா இல்லாததால் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுந்தேன், பச்சைச் சுவர், இடது ஜன்னல், அந்தப் பெயர். கதவு வரை சொல்லிக்கொண்டே நடந்தேன். என் பின்னால் க்வீனி புகார்ப் படிவத்தைத் திறந்து 'இல்லை'யை மாற்றிக்கொண்டிருந்தாள். ரெய்னான் சார் கதவருகே வந்து கையை நீட்டினார்.

"கார்டைக் குடுத்துடு மெர்லி. நீ கீழ போன் பேசினது மேல தெரிஞ்சுபோச்சு."

கழுத்தில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். கார்டு இல்லாமல் கதவு திறக்காது. அவரே தன் கார்டை வைத்துத் திறந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சார்ஜென்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுகாதார நிலையத்தில் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் விசாரித்துவிட்டு, நாய்க்கு ஊசி போடுகிறவர்களோடு சேர்ந்து, தேவாலயத்துக்கு வராத நாய்களைத் தேடுகிற மாதிரி காலையில் வீடு வீடாகப் போவதாகச் சொன்னார்.

மறுநாள் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லாதவளுக்குச் சனிக்கிழமை என்ன, ஞாயிற்றுக்கிழமை என்ன? தங்கச்சிக்கு நான் போன் பண்ணவே இல்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"கிடைச்சுட்டாங்க" என்றார் சார்ஜென்ட் ஜோவெலின். "பிள்ளையோட பெரியம்மா, அவ புருஷன். ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல இருக்காங்க."

"பிள்ளை?"

"மூணு பிள்ளைங்க இருந்தாங்க. மூணு பேரும் என்கூடத்தான் இருக்காங்க. ரொட்டி சாப்பிடுறாங்க."

இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வாளியில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நாளா நடக்குதா மேடம்?"

"பெரியவளுக்குப் பதிமூணு வயசு. ரெண்டு வருஷமாங்கறா. கிட்டத்தட்ட வாராவாரம்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு வருஷம். வாராவாரம். அந்தப் பச்சைச் சுவர் எத்தனை தடவை என் திரையில் சாம்பலாக ஓடியிருக்கும், எத்தனை தடவை சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சோறு சாப்பிடப் போயிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பெரியவ கேட்கிறா, எங்களை யாரு கண்டுபிடிச்சதுன்னு. மணிலாவுல ஒரு அக்கா, இந்த மாதிரி வீடியோ எல்லாம் பார்த்துப் போலீஸுக்குச் சொல்றதுதான் அவங்க வேலைன்னு சொன்னேன்." சார்ஜென்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்கு அவ, அப்ப அவங்க நேத்துதான் முதல் தடவை பார்த்தாங்களான்னு கேட்கிறா. பக்கத்துலதான் நிக்கிறா. என்ன சொல்லட்டும்?"

அவருக்குப் பின்னால் பிள்ளைகளின் பேச்சு கேட்டது.

"ஆமான்னு சொல்லுங்க மேடம்" என்றேன். "நேத்துதான் பார்த்தாங்களாம்னு சொல்லிடுங்க."